பதினைந்தாவது ஆள் ஓடிப்போனான்

போன மாதம் ஒரு கையெழுத்துக்காகப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்கள் நான்கு பேர் செல்போனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது காய்ச்சல் கணக்கெல்லாம் போனிலேயே ஏறிவிடுகிறது. ஒருவர் மரியாதையாக எழுந்து எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "கொரோனா மொத வருசம் நம்ம பக்கம் கேஸ் ரொம்பக் கம்மி போல சார். பழைய பதிவேட்டுல பாத்தோம்" என்றார்.

நாற்காலி போட்டவர் என்பதால் திட்டவில்லை. கேஸ் கம்மி இல்லை, பரிசோதனைதான் கம்மி. அந்தப் பதிவேட்டில் இருப்பது நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. நாங்கள் குச்சி விட்டுப் பார்த்த மூக்குகளில் எத்தனை மாட்டியது என்ற எண்ணிக்கை. இந்த வித்தியாசம் தெரியாதவன் இந்த வேலைக்கு வரவே கூடாது. "அப்ப நெசமான எண்ணு எப்படி சார் தெரியும்?" என்று இன்னொருவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கோபம் வந்து வேறெங்கோ போய்விட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

நான் மலேரியாப் பிரிவில் சேர்ந்தவன். முதல் சில வருடங்கள் கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் வீடு வீடாகப் போய் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். பிறகு டெங்கு வந்தது. டார்ச் லைட்டோடு பானை பானையாகக் கொசுப்புழு தேடினேன். படித்த பாடம் ஒன்றே ஒன்று. "உங்க வீட்டுல புழு இருக்கா?" என்று கேட்டால் உலகத்தில் ஒரு வீட்டிலும் புழு இருக்காது. "தாகமா இருக்கு, ஒரு செம்பு தண்ணி குடுங்க" என்று கேட்டால் அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறப்பார். பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம். முப்பது வருட அனுபவம் என்று சொல்வதெல்லாம் இவ்வளவுதான்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது கொரோனா வந்தது. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். எங்கள் வட்டார டாக்டர் எஸ்தர் மேடம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக நடப்பார். பேனா வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில்தான். ஒரு பக்கம் அச்சடித்த பழைய படிவத்தின் மறுபக்கத்தில்தான் எழுதுவார். அவரிடம் என்ன எண்ணைக் கொண்டுபோனாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மேடம், இன்னைக்கு நாலு காய்ச்சல்."

"எத்தனை பேர்ல?"

"வந்தவங்கள்லதான் மேடம்."

"வந்தவங்க எத்தனை பேர்?"

போய் எண்ணிக்கொண்டு வருவேன். அறுபது என்பேன். எழுதிக்கொள்வார். மறுநாள் ஆறு காய்ச்சல் என்று பதறிக்கொண்டு போனால், "எத்தனை பேர்ல?" என்பார். தொண்ணூறு என்பேன். "அப்ப நேத்தைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். எதுக்கு ஓடி வந்தீங்க? போய்த் தண்ணி குடிங்க" என்பார். நான் கத்துகிற ஆள். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம். முதல் மாதம் மாறுதல் கேட்டு மனு எழுதி, கொடுக்காமல் கிழித்துப் போட்டேன்.

ஊரடங்கு போட்டுச் சில வாரம் ஆன நிலையில் எங்கள் கணக்கில் மொத்தம் பதினோரு பேர். அத்தனை பேரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஊருக்குள் பரவவில்லை என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போது விதிப்படி வெளியூரிலிருந்து வந்தவர்களையும் அவர்களைத் தொட்டவர்களையும் மட்டும்தான் சோதிக்க வேண்டும். வெளியூர்க்காரனை மட்டும் சோதித்தால் வெளியூர்க்காரனுக்கு மட்டும்தான் நோய் இருக்கும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மேடத்துக்கும் அதே சந்தேகம். நோய் மொத்தமாக வெடித்தால் மூச்சுத் திணறுகிறவர்களை எங்கே வைப்பது என்று அவர் ராத்தூக்கம் இல்லாமல் இருந்தார். மாவட்டத் தலைமை மருத்துவமனை தூரம். பக்கத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி பூட்டிக் கிடந்தது. அதில் நூறு கட்டில், ஆக்சிஜன் வசதியோடு வேண்டும் என்று எழுதிக் கேட்டார். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கிண்டல் பேர்வழி.

"பதினோரு பேருக்கு நூறு கட்டிலா? ஆளுக்கு ஒம்போது கட்டில்ல உருண்டு படுப்பாங்களா டாக்டர்?"

"பதினோரு பேர் நமக்குத் தெரிஞ்சவங்க சார். தெரியாதவங்க இருக்காங்க."

"எத்தனை பேரு?"

 வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்வி மேடம் பக்கம் திரும்பியிருந்தது.

"ஒரு வாரம் தாரேன். முப்பது குச்சி எக்ஸ்ட்ராவா தாரேன். எண்ணோட வாங்க, கட்டில் தாரேன். எண்ணு இல்லன்னா அந்த விடுதியில அரிசி மூட்டை அடுக்கப் போறாங்க. கேட்டு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஒரு வாரம். முப்பது குச்சி. எண் கிடைத்தால் கட்டில், கிடைக்காவிட்டால் அரிசி மூட்டை.

காய்ச்சல்காரர்களைக் கணக்கெடுக்கலாம் என்று நான் தெருவில் இறங்கினேன். அங்கேதான் தகரம் வந்து நின்றது. ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் அந்த வீட்டு வாசலை மறைத்துத் தகரம் அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. முதல் தகரம் அடித்த மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை, தும்மல்கூட இல்லை. தகரத்தைப் போல நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் ஓர் அம்மாள் என் முன்னாலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"இருமல் எத்தனை நாளா இருக்குதும்மா?"

"இது இருமல் இல்ல சார். மொளகா வறுத்த நெடி."

எட்டிப் பார்த்தேன். அடுப்பு அணைந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. மருந்துக்கடைக்காரரிடம் போனால், "காய்ச்சல் மாத்திரை வாங்குறவங்க பேரை எழுதச் சொன்னீங்க, எழுதுதேன். யாரும் வாங்கல. எல்லாரும் பக்கத்து ஊருக்குப் போய் வாங்குதாங்க" என்றார். மூன்று நாள் போனது. கையில் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்குப் போனேன். பால் வீணாகக் கூடாது என்று காலையில் சில மணி நேரம் அடுப்பு மூட்ட அனுமதி இருந்தது. முகக்கவசம் போட்டிருக்கிறார்களா, கை கழுவுகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. தெருமுனையிலேயே அடிப்பிடித்த வாடை. கடை வாசலில் ஓர் அம்மாள் பால்கோவாப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"தீஞ்சு போயி கெடக்கு அண்ணாச்சி. நாய்கூடத் திங்காது."

கடைக்காரர் கோபமாக உள்ளே திரும்பி, அடுப்பில் நின்ற மாஸ்டர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டார். முப்பது வருடம் பால் கிண்டிய ஆள் அவர். சட்டுவம் பிடித்த கை அசையும்போதே பால் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்வார் என்பார்கள்.

"ஏலே சுடலை, நேத்தும் இதே புகார். என்னலே செய்யுத?"

சுடலைமுத்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். "நல்லாத்தான இருக்கு மொதலாளி."

கடைக்காரரும் ஒரு விள்ளல் எடுத்தார். மென்றார். முகம் மாறவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "ஊரடங்குல சும்மா இருந்து இருந்து ஒங்களுக்கு நாக்கு செத்துப் போச்சு" என்றார்.

அந்த நேரம் உள்ளே உருளியில் அடுத்த பாலும் கருகிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற எனக்கு முகக்கவசத்தையும் மீறி மூக்கு எரிகிறது. அடுப்புப் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை.  "சுடலை, உருளியைப் பாரும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, கண்ணால் கண்டபிறகுதான் ஓடினார்.

"எப்பயிருந்து ஒமக்கு வாடை தெரியல?"

"அஞ்சாறு நாளா ஒண்ணும் தெரியல சார். சளியா இருக்கும்னு விட்டுட்டேன். வீட்டுல எல்லாருக்குமே இப்படித்தான் இருக்கு" என்றார் சர்வ சாதாரணமாக.

கவனியுங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அவர் சத்தியம் பண்ணியிருப்பார், இல்லவே இல்லை என்று. மூக்கைப் பற்றிக் கேட்டால் மறைக்க அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வாசனை போவது அப்போது எங்கள் படிவத்தில் இல்லை. டிவியிலும் வந்திருக்கவில்லை. பானையை எனக்காகத் திறந்து காட்டிவிட்டார்.

மேடத்திடம் ஓடினேன். வெளிநாட்டு டாக்டர்கள் இப்படிச் சிலதை எழுத ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அவரும் படித்திருந்தார். கண்கள் விரிந்தன. ஆனாலும் கேட்டார்: "அந்தக் கடையில எத்தனை பேர்ல?"

"ஆறு பேர்ல நாலு பேருக்கு மேடம்." அந்த ஒருமுறை நான் எண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினோம். ராஜபாளையத்தில் மூன்று தெரு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று தெரு. எந்தத் தெரு என்பதை நான் சொல்லக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். தெருப் பெயர்களைச் சீட்டாக எழுதி அவருடைய டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். ஒவ்வொரு தெருவிலும் பத்து வீட்டுக்கு ஒரு வீடு. பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும். பக்கத்து வீட்டுக்குள் நுழையக்கூடாது. "பக்கத்து வீட்டுலயும் மனுசங்கதான் மேடம் இருக்காங்க" என்று சண்டை போட்டேன். "வீட்டுல இருக்கிறவங்களை மட்டும் எண்ணினா, வெளிய வேலைக்குப் போறவங்களை விட்டுருவோம் குருசாமி சார். வெளிய போறவங்களுக்குத்தான் நோய் வரும்" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் தெருவிலேயே முறை கெட்டது. "கொழம்பு மணம் தெரியுதா பாட்டி?" என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன்.

"எம்மருமக வச்ச கொழம்புக்கு எந்தக் காலத்துல மணம் இருந்துச்சு? அதுக்கு எம்மூக்கு என்ன செய்யும்?" என்றார். உள்ளேயிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டேன்.

மருமகள் சமையலையும் நோயையும் எப்படிப் பிரிப்பது என்று மேடம் யோசித்தார். வாயால் கேட்பதை விட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் பெருங்காய டப்பாவை எடுத்துவரச் சொன்னோம். நாங்கள் எதையும் கையில் கொடுக்கக்கூடாது, நோயைப் பரப்பியவர்கள் நாங்களாகிவிடுவோம். நான் தெருவில் ஆறடி தள்ளி நிற்பேன். வீட்டில் ஒருவர் கண்ணை மூட வேண்டும். இன்னொருவர் பெருங்காய டப்பாவையோ காலி டப்பாவையோ மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். மூன்று தடவை. எது எப்போது என்று நான் விரலால் காட்டுவேன். மூன்றுக்கும் சரியாகச் சொன்னால் மூக்கு இருக்கிறது. பல வருடமாகப் பொடி போட்டு மூக்கைக் கெடுத்துக்கொண்டவர்களைக் கழித்துவிட வேண்டும். புதிதாகப் போனது மட்டும்தான் கணக்கு.

ஊரடங்கில் பொழுது போகாமல் கிடந்த ஜனத்துக்கு இது திருவிழா ஆகிவிட்டது. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ஒரு வீட்டில் பெரியவர் அரைக்கண்ணால் திருட்டுத்தனமாகப் பார்த்தார். அவர் மனைவி, "கண்ணு மூசுகோ" என்று அதட்டி, முந்தானையால் அவர் கண்ணைக் கட்டியே விட்டார். மில் தொழிலாளர் தெருவில் ஒருவன் கூட்டத்திலிருந்து சொன்னான்: "நம்ம ஊருல இதுவரைக்கும் நாய்கதான் மோப்பம் புடிக்கும். இப்ப சார் நம்மளயும் பழக்குதாரு." எனக்கு மோப்பம் சார் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் சில தெருக்களில் அந்தப் பெயர்தான்.

இரண்டே நாளில் முடித்தோம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மோந்து பார்த்தார்கள். புதிதாக மூக்குப் போனவர்கள் இருபத்தாறு பேர். நான் துள்ளினேன். இருபத்தாறு பேரையும் சோதித்துவிடலாம், குச்சி முப்பது இருக்கிறது என்றேன்.

மேடம் தலையை ஆட்டினார். "மூக்குப் போனவங்க பதினஞ்சு பேர். மூக்கு நல்லா இருக்கிறவங்க பதினஞ்சு பேர். ரெண்டுமே சீட்டுப் போட்டுத்தான்."

"நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மேடம் குச்சி? வேஸ்ட்டு."

"நோய் வந்த எல்லாருக்கும் மூக்குப் போகாது. நம்ம பெருங்காயத்துக்கு எத்தனை பேர் மாட்டாமப் போனாங்கன்னு தெரிய வேண்டாமா?"

எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன். இருபத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். தகரம் கிடையாது, பெயர் வெளியே போகாது, எண் மட்டும்தான் என்று ஒவ்வொருவரிடமும் பேசித்தான் அழைத்துவந்தேன். நல்ல மூக்குப் பட்டியலில் பதினைந்தாவது ஆள் மட்டும் வரவில்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கும் மாடசாமி. வண்டி தெருவுக்குள் வந்ததும் பின்பக்கச் சுவரேறிக் குதித்துவிட்டான். அவன் மனைவி வாசலில் நின்றாள்.

"தோப்புக்குப் போயிருக்காவ சார்."

"எந்தத் தோப்பு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? அவிய சொல்லிட்டா போறாவ."

"எப்ப வருவான்?"

"நீங்க போன பொறவு."

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் துறையில் காலிக் கட்டம் என்பது குற்றம். படிவத்தில் பதினைந்து கட்டம் இருந்தால் பதினைந்தும் நிரம்பியிருக்க வேண்டும். எதை வைத்து நிரப்பினாய் என்று முப்பது வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. வண்டி லேபுக்குக் கிளம்ப நின்றது. ஒரு குச்சி மிச்சம். ஒரு கட்டம் காலி. நர்ஸ் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, "எம்மூக்குல எடுங்கம்மா, பதினஞ்சுன்னு எழுதுங்க" என்றேன். எனக்குப் பெருங்காயம் நன்றாகவே மணந்தது. சளி, இருமல் எதுவும் இல்லை. நல்ல மூக்குப் பட்டியலுக்கு நான் பொருத்தமான ஆள் என்று நினைத்தேன்.

முடிவு வந்தது. மூக்குப் போன பதினைந்து பேரில் பதினோரு பேருக்கு நோய். சீட்டில் விழுந்த தெருவில் இருந்த சுடலைமுத்துவும் அதில் ஒருவர். நல்ல மூக்குப் பதினைந்தில் இரண்டு பேர்: ஆறாம் எண், பதினைந்தாம் எண்.

மேடம் பென்சிலை எடுத்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"பதினஞ்சுல ரெண்டு" என்றார். குரலில் ஒரு வேகம். "மூக்குப் போகாதவங்க ஐந்நூறு பேர்கிட்ட இருக்காங்க. அதுல இந்தக் கணக்குக்குப் போட்டா..."

"மேடம், பதினஞ்சாவது ஆள் நான்."

பென்சில் நின்றது. முதலில் அவர் செய்தது ஜன்னலைத் திறந்தது. இரண்டாவது, என்னை முற்றத்துக்குத் தள்ளி நிற்கச் சொன்னது. மூச்சு எப்படி இருக்கிறது, வீட்டில் யார் யார், சாப்பிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகு உட்கார்ந்து, ரப்பரை எடுத்து அழித்தார்.

"பதினாலுல ஒண்ணு" என்று எழுதினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நோய் எனக்கு வந்திருக்கிறது என்ற பயம்கூட அதற்குப் பின்னால்தான் வந்தது. பதினைந்தில் இரண்டு என்றால் ஏழு எட்டுப் பேரில் ஒருவன். பதினாலில் ஒன்று என்றால் எண் பாதியாகிவிடும். பாதி எண்ணுக்கு அந்தக் கிண்டல்காரர் கட்டில் தருவாரா?

"மேடம், எனக்கு நெசமாவே நோய் இருக்கு. பொய் சொல்லல. என்னைச் சேத்துக்கிடுங்க, கட்டில் கெடைக்கும்."

"உங்க பேர் சீட்டுல வந்துச்சா?"

"வரல."

"தினமும் நூறு வீட்டு வாசல்ல நிக்கிற ஆள் நீங்க. உங்களுக்கு வராம யாருக்கு வரும்? உங்களை வச்சு அந்தத் தெருவைச் சொன்னா அது அந்தத் தெருவோட எண்ணு இல்ல சார். உங்க எண்ணு."

"தெரு எண்ணோ, எம் எண்ணோ, கட்டிலு வந்தாச் சரி."

"இன்னைக்கு எனக்கு வேணும்னு கூட்டினா, நாளைக்கு அவருக்கு வேணும்னு குறைப்பார். அப்ப நான் எந்த வாயால கேப்பேன்?"

முற்றத்து ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். 

மறுநாள் அதிகாரி வந்தார். என்னைப் பழைய ஸ்டோர் அறையில் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். மேடம் தன் போனை மேசையில் வைத்து எனக்கு லைன் போட்டுவிட்டு, பேசக்கூடாது, கேட்க மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். நான் என் வாயில் துண்டை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இந்த ஆறு தெருவுல பத்துல ஒருத்தருக்கு வந்திருக்கும் சார்" என்றார் மேடம். "பதினாலு பேரை வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. இருபதுல ஒருத்தரா இருக்கலாம். அஞ்சுல ஒருத்தராவும் இருக்கலாம்."

"இதென்ன டாக்டர், இருபதுங்கிறீங்க, அஞ்சுங்கிறீங்க. ஒரு எண்ணு சொல்லுங்க."

"ஒரே எண்ணு சொன்னா அது பொய் சார். ஆனா இருபதுல ஒருத்தர்னே வச்சுக்கிடுங்க. அந்த ஆறு தெருவுல மட்டும் இருநூறு பேரைத் தாண்டுது. நம்ம பதிவேட்டுல ரெண்டு ஊருக்கும் சேத்துப் பதினோரு பேர்."

தாள் புரட்டுகிற சத்தம். "முப்பது குச்சி குடுத்தேன். இங்க இருபத்தொம்பதுதான இருக்கு?"

மேடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மாடசாமி ஓடியது, நான் மூக்கை நீட்டியது, எனக்கு நோய் வந்தது எல்லாவற்றையும் சொன்னார். "என் ஆபீஸ்ல நடந்த தப்பு, என் பொறுப்பு" என்றார். நான் துண்டைக் கடித்துக்கொண்டேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் சஸ்பெண்ட் என்று மனதில் ஓடியது.

"இவரைச் சேத்திருந்தா எண்ணு ஒண்ணரை மடங்கு ஆயிருக்குமே."

"ஆமா சார்."

"எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது சார்."

தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர், "நூறு முடியாது. அறுபது போட்டுக்கிடுங்க. ஆக்சிஜனுக்கு நான் பேசுதேன். அரிசியை வேற எங்கயாவது அடுக்கட்டும்" என்றார். கதவுவரை போயிருப்பார் போல, அங்கிருந்து, "அந்த இன்ஸ்பெக்டர் வீட்டுக்குத் தகரம் அடிச்சாச்சா?" என்று கேட்டார். கிண்டல் பேர்வழி என்று முன்பே சொன்னேன்.

தகரம் கிடையாது என்ற வாக்கு சீட்டில் வந்தவர்களுக்குத்தான், நான் சீட்டில் வராதவன். தகரம் அடிக்க வந்தவர்கள் என்னிடம் வேலை பார்த்த இரண்டு பேர். போனில் கேட்டார்கள். "சார், ஆணி பலமா அடிக்கவா, லேசா அடிக்கவா?"

"மத்த வீட்டுக்கு எப்படி அடிச்சியளோ அப்படியே அடிங்கலே" என்றேன்.

நான் பயந்தது என் மனைவி செண்பகத்தை நினைத்துத்தான். அவளுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. ஆனால் தகரத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் போன் பண்ணி, "அழுதியா?" என்றேன்.

"எதுக்கு அழணும்? தகரம் நல்லாச் சூடேறுது. மோர்மொளகாயைத் தட்டுல போட்டு அதை ஒட்டி வச்சேன், ரெண்டே நாள்ல மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. எதுத்த வீட்டுக்காரி கேக்கா, எங்க வீட்டுக்கும் ஒரு தகரம் கெடைக்குமான்னு."

அவள் தகரத்துக்கு மேலே தலையை நீட்டித் தெருவோடு நாள் முழுக்க வாயடித்தாள். மோப்பம் சார் வீட்டுக்கே தகரம் என்று தெரு சிரித்தது. சிரித்த தெருவுக்குப் பயம் குறைந்தது. விதி என்றால் விதி என்று என் வீட்டுக்கும் அடித்ததால் எங்கள் பேச்சில் நம்பிக்கையும் வந்தது. "சார், எனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் அடிக்கி, என்ன செய்ய?" என்று ஜனங்கள் எனக்கே போன் பண்ண ஆரம்பித்தார்கள்.

நான் அந்தப் பெண்கள் விடுதியில் கீழ்த்தளத்தில் படுத்துக்கொண்டுதான் அந்த போன்களை எடுத்தேன். விடுதியின் முதல் வரவு நாங்கள்தான். சுவரெல்லாம் ரோஸ் கலர். கண்ணாடியில் பொட்டுகள் ஒட்டியிருந்தன. மாலை ஆறு மணிக்கு மேல் மாணவிகள் வெளியே செல்லக்கூடாது என்று பலகை தொங்கியது. அடுத்த கட்டில் சுடலைமுத்து. விடுதிப் பாலைக் குடித்துவிட்டு, தண்ணி கலந்திருக்கிறது என்று தினமும் சண்டைக்குப் போவார். மூக்கு திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் கட்டில்கள் நிரம்பின. மூச்சுத் திணறி வந்த நான்கு பேர் அங்கே வைத்த ஆக்சிஜனில் எழுந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அறுபதில் ஐம்பத்தேழு ஆனது.

எட்டாம் நாள் மத்தியானம் வாசலில் ஓர் ஆள் தானாக நடந்து வந்து நின்றான். ஆம்புலன்ஸ் இல்லை. ஒரு கையில் பக்கெட், மற்றொரு கையில் தலையணை, தோளில் ஒரு பை நிறையச் சப்பட்டை மாங்காய். மாடசாமி.

"சார், நீங்க இங்கதான் இருக்கியளா?"

"ஒன்னாலதாம்லே இங்க இருக்கேன். எங்கலே போயிருந்த?"

"மாமனார் தோப்புல. ஒரே காய்ச்சல். மூச்சும் வாங்குது. ஒங்க வீட்டுக்குப் போட்டேன், மதினிதான், பேசாம அங்க போய்ப் படுங்க, நல்ல சோறு போடுதாங்கன்னு போன்ல சொன்னாவ."

மேடம் வந்தார். அவன் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். எப்போதிருந்து காய்ச்சல் என்று கேட்டார். நாங்கள் குச்சியோடு அவன் தெருவுக்கு வந்ததற்கு முந்தின நாளிலிருந்தே உடம்பு சரியில்லையாம். அதற்குப் பயந்துதான் சுவரேறிக் குதித்திருக்கிறான்.

நான் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டேன். "பாத்தீங்களா மேடம்? அன்னைக்கு இவனுக்கு எடுத்திருந்தாலும் பாசிட்டிவ்தான் வந்திருக்கும். பதினஞ்சுல ரெண்டு. நான் போட்ட கணக்குதான் சரி."

மேடம் என்னைப் பார்த்தார். கோட்டுப் பாக்கெட்டில் பென்சில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"இவருக்கு ஆக்சிஜன் வேணும். கட்டில் இருக்கா?" என்றார்.

ஜன்னலோரம் ஒன்று காலியாக இருந்தது. கை காட்டினேன். அவனுடைய பக்கெட்டை வாங்கி, நானே கொண்டுபோய் அந்தக் கட்டிலடியில் வைத்தேன்.